ஒட்டிய கட்டை இழுப்பதா, நனைப்பதா?

(காயக் கட்டு அகற்றுவது தொடர்பாக வந்த கடிதங்களுக்கு, கொழும்பு வைத்தியசாலைகளின் சத்திரசிகிச்சை விடுதிகளில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்ற தாதிய உத்தியோகத்தர் ஒருவர் இவ்விதழில் விடையளிக்கிறார்.)

கேள்வி: என் தந்தையாருக்கு 74 வயது. பல ஆண்டுகளாக நீரிழிவுக்கு மருந்து எடுத்து வருகிறார். காலி வீதியில் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது படியில் அடிபட்டு, கீழ்க்காலின் முன்பக்கத்தில் தோல் உரிந்துவிட்டது. வீட்டுக்கு அருகிலுள்ள ஒரு டிஸ்பென்சரியில் ஒருநாள் விட்டு ஒருநாள் மருந்து கட்டுகிறோம். காய்ந்து ஒட்டியிருக்கும் துணியை அங்குள்ளவர் ஒவ்வொரு முறையும் ஒரே இழுப்பில் பிய்த்தெடுக்கிறார். அப்பா துடித்துப் போகிறார், இரத்தமும் வருகிறது. "அழுக்கெல்லாம் துணியோடு வந்துவிடும், அதுதான் நல்லது" என்கிறார்கள். மூன்று வாரமாகியும் புண் ஆறவில்லை. இது சரியான முறையா? வீட்டிலேயே நாங்கள் கட்டை அவிழ்க்கலாமா?
— வாசகி, வெள்ளவத்தை

பதில்: சரியான முறை அன்று. புண் ஏன் ஆறவில்லை என்ற கேள்விக்குரிய விடையின் ஒரு பகுதி, 'ஒரே இழுப்பில்' என்று நீங்கள் எழுதியிருக்கும் சொல்லிலேயே இருக்கிறது.

தோலுரிந்த புண்ணிலிருந்து தெளிந்த மஞ்சள் நீர் கசிந்துகொண்டே இருக்கும். அந்த நீர் கோஸ் துணியின் கண்களுக்குள் ஊறி, காய்ந்ததும், கஞ்சி போட்ட சேலைபோல விறைத்துப் புண்ணைப் பிடித்துக்கொள்கிறது. அதோடு, ஆறத் தொடங்கிய புண்ணின் அடியில் மாதுளை முத்தைப்போலச் சிவந்த, மணிமணியான புதுத் தசை எழும்பும்; ஒவ்வொரு மணிக்குள்ளும் மயிரிழையைவிட நுண்ணிய இரத்தக் குழாய்கள் வளைந்து கிடக்கும். அந்தத் தசையும் துணியின் கண்களுக்குள் புகுந்து வளர்கிறது. ஆகவே துணியை இழுக்கும்போது வெளியே வருவது அழுக்கு மட்டுமன்று. இரண்டு நாளாக உடம்பு அரும்பாடுபட்டு எழுப்பிய தசையும், ஓரங்களிலிருந்து ஊர்ந்து வந்த புதுத் தோலும் சேர்ந்தே வருகின்றன. நீங்கள் காணும் இரத்தம் அவற்றிலிருந்து வருவது. ஒருநாள் விட்டு ஒருநாள் இப்படி நடந்தால், புண் ஒவ்வொரு முறையும் முதல் நாளுக்கே திரும்பிப் போகிறது.

டிஸ்பென்சரியில் சொன்னது முற்றிலும் அடிப்படையற்றது என்றும் சொல்லிவிட முடியாது. செத்த தசையும் சீழும் நிறைந்த புண்ணில், ஈரமான கோஸைத் திணித்து, அது காய்ந்த பின் இழுத்தெடுத்து, அழுகிய பகுதியை அதனோடு பெயர்த்தெடுக்கும் முறை ஒன்று வைத்தியசாலைகளில் பல காலம் வழக்கில் இருந்தது. நான் பயிற்சி பெற்ற காலத்தில் அதை நாங்களும் செய்தோம். ஆனால் துணிக்குச் செத்த தசை எது, உயிருள்ள தசை எது என்று தெரியாது. சுத்தமாகச் சிவந்து ஆறிவரும் புண்ணில் அந்த முறைக்கு வேலையே இல்லை.

வீட்டில் கட்டை அவிழ்ப்பதற்கு வேண்டியவை மிகச் சில. பாமசிகளில் கிடைக்கும் நோர்மல் சேலைன் என்ற 0.9 வீத உப்புநீர் ஒரு போத்தல் வாங்கிக்கொள்ளுங்கள். அது கிடைக்காவிட்டால், அரை லீற்றர் நீரில் ஒரு மட்டத் தேக்கரண்டி உப்பைக் கரைத்து, மூடிக் கொதிக்கவைத்து, மூடியபடியே ஆறவைத்து, அன்றைக்குள் பயன்படுத்தி, மிஞ்சியதைக் கொட்டிவிடுங்கள். கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவிய பின், முதலில் வெளிச்சுற்றை அவிழ்த்து, புண்ணோடு ஒட்டிய கடைசித் துணியை மட்டும் விட்டுவைத்து, அதன்மேல் இளஞ்சூடான உப்புநீரைத் துணி முழுதும் ஊறும்படி மெல்ல ஊற்றுங்கள். பிறகு பத்து நிமிடமாவது காத்திருங்கள். பெரும்பாலோர் தவறுவது இந்தக் காத்திருப்பில்தான். இரண்டு நிமிடத்தில் ஓர் ஓரத்தைத் தூக்கிப் பார்த்து, 'வரவில்லையே' என்று இழுத்துவிடுகிறார்கள். ஊறிய துணியை ஓரத்திலிருந்து புண்ணின் நடுப்பக்கமாக, மேல்நோக்கித் தூக்காமல் தோலோடு தோலாகப் படிந்தவாறு மடித்துக்கொண்டு வாருங்கள். எங்காவது பிடித்தால் அந்த இடத்தில் மறுபடியும் ஊற்றுங்கள். அரை மணி நேரம் ஆனாலும் ஆகட்டும்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எங்கள் விடுதியில் ஒரு மூத்த தாதி இருந்தார். காலையில் மருந்து கட்டும் தள்ளுவண்டியை எடுத்ததும் அவர் முதற் கட்டிலில் தொடங்கமாட்டார். கட்டில் வரிசை முழுவதும் ஒருமுறை நடந்து, எல்லோருடைய கட்டுகளையும் நனைத்துவிட்டு, அதன் பிறகே முதற் கட்டிலுக்குத் திரும்பி வருவார். ஒவ்வொருவரிடமும் அவர் போய்ச் சேரும்போது துணி தானாகவே கழன்று நிற்கும். எங்களில் வேகக்காரர்களான இளையவர்கள் முடிக்கும் நேரத்திலேயே அவரும் முடித்தார். ஆனால் அவர் பக்கத்திலிருந்து "ஐயோ மிஸி" என்ற குரல் எழுந்ததேயில்லை.

அடுத்தது, திரும்பவும் ஒட்டாதபடி கட்டுவது. வெறுங் கோஸைப் புண்ணின்மேல் நேரே வைக்காமல், மெழுகெண்ணெய் தோய்த்த வலைத்துணியை அடியில் வைக்கச் சொல்லிக் கேளுங்கள். வைத்தியசாலைகளில் பலர் அதை 'வசிலின் கோஸ்' என்பார்கள். கட்டு புண்ணில் ஒட்டக்கூடாது என்பதற்காகவே முதலாம் உலகப் போர்க் காலத்தில் பிரான்சில் அதை உருவாக்கியவர் ஒகுஸ்த் லூமியேர். தம்பியோடு சேர்ந்து 1895ஆம் ஆண்டு பாரிஸில் திரைப்படம் காட்டிய அதே லூமியேர்தான். சினிமா பார்ப்பவர்கள் அவருக்கு நன்றி சொல்கிறார்கள். வசிலின் கோஸை வலியின்றி எடுக்கும் நோயாளிகள் அவரை அறியமாட்டார்கள்.

ஆனால் இவையெல்லாம் உங்கள் தந்தையாருக்கு இரண்டாம்பட்சம். நீரிழிவு உள்ளவரின் காலில் ஏற்பட்ட புண் மூன்று வாரமாகியும் ஆறவில்லையென்றால், கட்டை எப்படி அவிழ்ப்பது என்று யோசிப்பதற்கு முன் அவரை வைத்தியரிடமோ, அவர் வழமையாகச் செல்லும் நீரிழிவு கிளினிக்கிற்கோ இந்த வாரமே கூட்டிச் செல்லுங்கள். இரத்தத்தில் சீனியின் அளவையும், பாதத்திற்கு இரத்தம் ஒழுங்காகச் செல்கிறதா என்பதையும், பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கிறதா என்பதையும் அவர்கள் பார்க்க வேண்டும். புண்ணைச் சுற்றிச் சிவப்புப் பரவுதல், சூடு, வீக்கம், துர்நாற்றம், சீழ், காய்ச்சல், காலில் மேல்நோக்கி ஓடும் செங்கோடு ஆகியவற்றுள் எதைக் கண்டாலும் இந்த வாரம் என்பதும் பிந்தியதே. அன்றைக்கே போக வேண்டும். நீரிழிவால் நரம்பு மங்கியவர்களுக்கு வலி குறைவாகவே தெரியும் என்பதால், 'அப்பாவுக்கு இப்போது நோவில்லை' என்பதை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அவர் அஸ்பிரின், குளோபிடோகிரல், வார்ஃபரின் போன்ற இரத்தம் உறையாமலிருக்கும் மருந்து எதையாவது எடுப்பவரானால் அதையும் மருந்து கட்டுபவரிடம் சொல்லிவையுங்கள். அவிழ்க்கும்போது இரத்தம் கசிந்தால், சுத்தமான கோஸை வைத்துப் பத்து நிமிடம் இடைவிடாமல் அழுத்திப் பிடியுங்கள். நின்றுவிட்டதா என்று நடுவில் எடுத்துப் பார்க்கக் கூடாது.

கேள்வி: எங்கள் ஆறு வயது மகளின் முழங்காலில் ஒட்டிய பிளாஸ்டரை எடுப்பதற்கு வீட்டில் பெரிய வாக்குவாதம். 'வெடுக்கென்று இழுத்தால் ஒரு நொடியில் முடிந்துவிடும்' என்பது என் கணவரின் கட்சி. மெல்ல மெல்ல உரிக்க வேண்டும் என்பது என் கட்சி. யார் சொல்வது சரி?
— வாசகி, கொட்டாஞ்சேனை

பதில்: இந்த வாக்குவாதத்தை ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோனவர்களும் இருக்கிறார்கள். அவுஸ்திரேலியாவின் ஜேம்ஸ் குக் பல்கலைக்கழகத்தில் 65 மருத்துவ மாணவர்களின் உடலில் ஒட்டுப் பிளாஸ்டரை ஒட்டி, வேகமாகவும் மெதுவாகவும் எடுத்துப் பார்த்து, 2009ஆம் ஆண்டு முடிவை வெளியிட்டார்கள். பத்துக்கு இவ்வளவு என்று வலியை மதிப்பிடச் சொன்னபோது, வேகமாக எடுத்ததற்குச் சராசரி 0.92உம் மெதுவாக எடுத்ததற்கு 1.58உம் கிடைத்தன. உங்கள் கணவர் இந்த இடத்தில் பத்திரிகையை மூடிவிடக் கூடாது. அந்த மாணவர்கள் இளைஞர்கள். நல்ல தோல் உடையவர்கள். பிளாஸ்டருக்குக் கீழே அவர்களுக்குப் புண் இருக்கவில்லை.

மறுபக்கத்தில், இஸ்ரேலில் வளர்ந்த டான் ஆரியலி என்ற உளவியல் ஆய்வாளர் இருக்கிறார். இளம் வயதில் உடலின் பெரும்பகுதி தீயில் வெந்து, நெடுங்காலம் வைத்தியசாலையில் கிடந்தவர். தாதியர் நாள்தோறும் தம் கட்டுகளை வெடுக்வெடுக்கென்று பிய்த்ததையும், மெதுவாக எடுக்கும்படி தாம் கெஞ்சியதையும், வேகமே நல்லது என்று அவர்கள் உறுதியாக நம்பியதையும் அவர் எழுதியிருக்கிறார். பின்னர் வலியைப் பற்றித் தாமே பரிசோதனைகள் செய்து, வலி எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்பதைவிட எவ்வளவு கடுமையாக இருக்கிறது என்பதே மனிதரை அதிகம் வருத்துகிறது என்ற முடிவுக்கு வந்தார். நோயாளி அலறுவதைக் கேட்டுக்கொண்டு நிற்பது தாதிக்கும் வேதனை; அதை விரைவில் முடித்துவிடத் துடிக்கும் மனம், 'வேகமே உனக்கு நல்லது' என்று நோயாளிக்குச் சொல்லிவிடுகிறது. இதை வாசித்தபோது எனக்குச் சுருக்கென்றது; நானும் அப்படிச் சொன்னவள்தான்.

இரண்டும் முரண்பட்டவை அல்ல. பசை தோலில் ஒட்டியிருப்பது ஒன்று, துணி புண்ணில் ஒட்டியிருப்பது வேறு. பசை மட்டும் ஒட்டிய, நல்ல தோலுள்ள பிள்ளைக்கு எப்படி எடுத்தாலும் பெரிய வேறுபாடில்லை. நனைத்து எடுத்தால் வாக்குவாதமே தேவையில்லை. குளிக்கும்போது பிளாஸ்டர் ஊறட்டும், அல்லது ஓரங்களில் தேங்காயெண்ணெயைத் தடவிச் சற்று நேரம் விடுங்கள். எண்ணெய் பசையை இளக்கிவிடும். பிறகு ஒரு கையால் தோலை அழுத்திப் பிடித்துக்கொண்டு, பிளாஸ்டரை அதன்மேலேயே மடித்து, மயிர் படிந்திருக்கும் திசையில் உரியுங்கள். கண்ணாடிபோன்ற மெல்லிய ஒட்டுத்தாளாக இருந்தால், மேலே இழுக்காமல் தோலுக்கு இணையாகப் பக்கவாட்டில் நீட்டுங்கள். நீளும்போது பசை தானே விடும். வயோதிபர்களின் தோலும், நெடுநாள் ஸ்டீரொய்ட் எடுப்பவர்களின் தோலும் நனைந்த ரிசுத்தாளைப் போன்றவை. அவர்களிடம் உங்கள் கணவரின் முறை வேண்டவே வேண்டாம். பிளாஸ்டரோடு தோலும் சேர்ந்து வந்து, இல்லாத புண் உண்டானதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

மகளுக்காக இன்னொன்று. நோபல் பரிசு பெற்ற உளவியலாளர் டேனியல் கானமனும் அவருடன் இருந்தவர்களும் 1993இல் வெளியிட்ட பரிசோதனை ஒன்றில், 14 பாகை செல்சியஸ் குளிர்நீரில் 60 விநாடி கையை வைப்பதையும், அதே 60 விநாடிக்குப் பிறகு நீரைச் சற்றே சூடாக்கி மேலும் 30 விநாடி வைத்திருப்பதையும் ஒப்பிட்டார்கள். எதைத் திரும்பச் செய்ய விருப்பம் என்று கேட்டபோது, பெரும்பாலானவர்கள் வலி கூடிய நேரம் நீடித்த இரண்டாவதையே தெரிவுசெய்தார்கள். அதன் முடிவு இலேசாக இருந்தது என்பதே காரணம். ஆகவே, வலிக்கக்கூடிய ஓரத்தை முதலில் எடுத்து, வலிக்காத ஓரத்தைக் கடைசிக்கு விட்டுவையுங்கள். அந்தக் கடைசி ஓரத்தை மகளின் கையாலேயே எடுக்க விடுங்கள்.

கேள்வி: புண்ணை மூடி வைத்தால் வேர்த்து அழுகிவிடும், காற்றுப்பட விட்டால்தான் பொருக்குக் கட்டி ஆறும் என்று வீட்டுப் பெரியவர்கள் கட்டை எடுத்துவிடச் சொல்கிறார்கள். கொழும்புப் புழுக்கத்துக்கு அது நியாயமாகத்தானே படுகிறது?
— வாசகர், தெஹிவளை

பதில்: நியாயமாகப் படும், ஆயினும் பெரும்பாலான புண்களுக்கு அது சரியன்று. ஜோர்ஜ் வின்டர் என்பவர் பன்றிகளின் தோலில் மேலோட்டமான காயங்களை உண்டாக்கி, சிலவற்றைக் காற்றுப்பட விட்டு, சிலவற்றைப் பொலித்தீன் தாளால் மூடிவைத்து, 1962ஆம் ஆண்டு முடிவை வெளியிட்டார். மூடி ஈரம் காத்த காயங்களில் புதுத் தோல் ஏறக்குறைய இருமடங்கு வேகத்தில் மூடியது. புதுத் தோலின் உயிரணுக்கள் ஈரத்தில் எளிதாக ஊர்ந்து செல்லும். பொருக்குக் கட்டினால் அதற்கு அடியில் ஈரம் தேடிச் சுற்றிப் போக வேண்டியிருக்கும்.

உங்கள் பெரியவர்கள் கண்டு பயப்படுவது ஈரத்தையன்று, ஊறலை. வேர்வையோ மழை நீரோ கட்டுக்குள் புகுந்து தங்கினால், புண்ணைச் சுற்றிய தோல் நெடுநேரம் தண்ணீரில் கிடந்த விரல்போல வெளிறிச் சுருங்கி, அங்கிருந்து புண் பெரிதாகும். கட்டு நனைந்தாலோ, கசிவு வெளியே தெரிந்தாலோ, ஓரம் கழன்றாலோ, நாள் வராவிட்டாலும் அன்றைக்கே மாற்றுங்கள். வைகாசி மழையில் வெள்ள நீருக்குள் நடந்து வந்த காலில் இருக்கும் கட்டை அடுத்த நாள் வரை வைத்திருக்கவே கூடாது. சத்திரசிகிச்சைக்குப் பின் போட்ட கட்டு மட்டும் இதற்குப் புறம்பானது: வைத்தியர் வேறுவிதமாகச் சொல்லாவிட்டால், நனையாமல் சுத்தமாக இருக்கும் வரை முதல் 48 மணி நேரம் அதைத் தொடாமல் விடுவதே நன்று.

கேள்வி: மகனுக்குக் கை முறிந்து போட்ட பிளாஸ்டர் கட்டை அடுத்த வாரம் வெட்டப் போகிறார்கள். மின்வாளால் வெட்டுவார்கள் என்று பள்ளித் தோழர்கள் சொன்னதிலிருந்து அவன் உறங்குவதில்லை. ஊறவைத்து வீட்டிலேயே எடுத்துவிடலாமா?
— வாசகர், மட்டக்குளி

பதில்: வேண்டாம். எலும்பு கூடியிருக்கிறதா என்று வைத்தியர் பார்க்காமல் அதை எடுக்கவே கூடாது. அந்த வாளின் தகடு மரவாளைப் போலச் சுழல்வதில்லை. மிகச் சிறிய தூரத்துக்கு இப்படியும் அப்படியுமாக அதிர்கிறது. கடினமான பிளாஸ்டர் அசையாது நிற்பதால் வெட்டுப்படுகிறது. மெத்தென்ற தோல் தகட்டோடு சேர்ந்து அசைந்து கொடுப்பதால் வெட்டுப்படுவதில்லை. இதை உருவாக்கியவர் ஹோமர் ஸ்ட்ரைக்கர் என்ற அமெரிக்க எலும்புச் சத்திரசிகிச்சை நிபுணர். காப்புரிமை பெற்றது 1947இல். வெட்டுபவர் விரும்பினால் ஓடும் தகட்டைத் தம் உள்ளங்கையில் தொட்டு மகனுக்குக் காட்டுவார்; கேட்டுப் பாருங்கள். ஆனால் தகடு நெடுநேரம் ஓடினால் சூடேறும், சூடு தோலைச் சுடக்கூடும் என்பது உண்மை. 'சுடுகிறது' என்று மகன் சொன்னால் உடனே நிறுத்துவார்கள் என்று அவனுக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள். இரைச்சலுக்குக் காதில் பஞ்சு வைக்கலாம்.

கட்டைத் திறந்ததும் தெரியும் கையைப் பார்த்துத்தான் பல பிள்ளைகள் அழுகிறார்கள். மெலிந்து, செதில் செதிலாகத் தோல் காய்ந்து, மயிர் கூடியதாய், சற்று நாற்றத்தோடு இருக்கும். தேய்த்து உரிக்காமல் இளஞ்சூட்டு நீரில் ஊறவைத்து எண்ணெய் தடவி வந்தால் சில நாளில் சரியாகும். தசை திரும்ப வாரக்கணக்காகும். ஆனால் கட்டை வெட்டும் நாள்வரை காத்திருக்கக் கூடாத நிலைமை ஒன்றுண்டு: விரல்கள் நீலம் பாரித்தோ, குளிர்ந்தோ, விறைத்தோ போனால், அல்லது கட்டுக்குள் வலி ஏறிக்கொண்டே போனால், அடுத்த வாரத்தைப் பார்க்காமல் அப்போதே வைத்தியசாலைக்குப் போங்கள்.

கேள்வி: வெட்டுக் காயத்தில் கோப்பித்தூள் அப்பிக் கட்டிய கட்டை எப்படி எடுப்பது?
— வாசகர், மருதானை

பதில்: இரத்தம் நின்றிருந்தால், முதற் பதிலில் சொன்னபடி நனைத்து எடுத்து, தூள் முழுதும் போகும்வரை உப்புநீரால் கழுவுங்கள், ஆழத்தில் தங்கியதைத் தோண்ட வேண்டாம், அதை வைத்தியசாலையில் எடுப்பார்கள். இரத்தம் இன்னும் ஊறிக்கொண்டிருந்தால் கட்டை எடுக்கவே கூடாது. அதன்மேல் இன்னொரு துணியை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டு புறப்படுங்கள். நடக்க முடியாத நிலையென்றால் 1990ஐ அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வரும். ஏற்பு ஊசி போட வேண்டுமா என்றும் அங்கே கேளுங்கள்.

கேள்வி: முழங்காலில் தையல் போட்டு 14ஆம் நாள் வெட்ட வரச் சொன்னார்கள். அன்று போயா விடுமுறை. ஒருநாள் பிந்தினால் தையல் உள்ளே புதைந்துவிடுமா?
— வாசகி, பம்பலப்பிட்டி

பதில்: புதையாது. முழங்கால் மடங்கி நிமிரும் இடம் என்பதால் அங்கே 14 நாள் வரை வைத்திருப்பார்கள். ஒன்றிரண்டு நாள் பிந்துவதால் கெடுதி இல்லை. இதே கேள்வியை முகத்துத் தையலுக்குக் கேட்டிருந்தால் முந்திய நாளே போங்கள் என்றிருப்பேன். அங்கே 3 முதல் 5 நாளுக்குள் வெட்டாவிட்டால் நூல் போன வழியெல்லாம் புள்ளி புள்ளியாகத் தழும்பு விழும். போயாவுக்கு மறுநாள் கிளினிக்கில் கூட்டம் அதிகமாக இருக்கும், காலையிலேயே போய் இலக்கம் எடுத்துவிடுங்கள். போகுமுன் வீட்டிலேயே கட்டை நனைத்துக்கொண்டு போனால் அங்கே இழுபறி இராது.